மருமகள் சொன்ன பெயர்

ஏப்ரல் 5, 2020, ஞாயிறு

கடைவாசலில் யாரும் யாருக்கும் கை கொடுக்கவில்லை. முழங்கையை முட்டிக்கொண்டு அசட்டுச் சிரிப்புச் சிரிக்கிறார்கள். எனக்குச் சொரியாசிஸ் என்ற தோல்நோய் வந்து முப்பத்துமூன்று வருடம். ஒட்டாது, ஒட்டாது என்று சொல்லி வாய் வலித்துப்போனது. அப்போதும் என் கையைக் கண்டதும் தங்கள் கையைச் சட்டைப்பைக்குள் விட்டவர்கள்தான் இவர்கள். இப்போது ஒருவர் கையைக் கண்டு ஒருவர் பயப்படுகிறார்கள். பயப்படட்டும்.

அதற்கான மெத்தோட்ரெக்சேட் ஊசியை, எல்லா ஞாயிறும் போல, நானே தொடையில் போட்டுக்கொண்டேன். அது உடம்பின் எதிர்ப்பைக் குறைக்கும், கொரோனா வந்தால் போய்ச் சேர்ந்துவிடுவாய், நிறுத்து என்றார் அண்ணன் சுல்தானாலி. நகரத்துத் தோல் டாக்டரம்மாவிடம் போனில் கேட்டேன். காய்ச்சல் வராதவரை நிறுத்தக்கூடாது, வந்தால் உடனே நிறுத்த வேண்டும் என்றார். நான் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். ஆனால் இந்த நோயைப் பற்றிக் கையில் கிடைத்த ருஷ்யப் புத்தகம் ஒன்றையும் விட்டதில்லை. எனக்கும் அதுவே சரியென்று பட்டது.

ஜூன் 21

ஊசி போட்டாயிற்று. முழங்கை சுத்தம்.

ஜூலை 5, ஞாயிறு

காய்ச்சல். புளித்த குதிரைப்பால், குமிஸ் குடித்தேன், புளிப்பே தெரியவில்லை.

ஊசியை எடுத்த பெட்டியிலேயே திரும்ப வைத்தேன். அண்ணன் நிறுத்தச் சொன்னபோது நிறுத்தாதவன் நான். இன்று நிறுத்தியது பயத்தால் அல்ல என்று இங்கே எழுதி வைக்கிறேன்.

ஒரு தாளும் எழுதினேன். மேலே என் பெயர். கீழே: சொரியாசிஸ். மெத்தோட்ரெக்சேட், இன்று முதல் நிறுத்தம். மலேரியா மாத்திரை கொடுக்கக்கூடாது. 1991-இல் மூட்டுவலிக்கென்று அந்த மாத்திரையைக் கொடுத்தார்கள். தலை முதல் கால்வரை தோல் சிவந்து உரிந்து, இரண்டு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். இப்போது கொரோனாவுக்கு அதைத்தான் எல்லோருக்கும் கொடுக்கிறார்களாம். தாளை மருமகள் நுர்சாத்திடம் கொடுத்தேன். மகன் கெனெஷ் மாஸ்கோவில் மாட்டிக்கொண்டான். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

ஜூலை 8

மூச்சு — நான்கு படி ஏற முடியவில்லை. பள்ளிக்கூடத்தில் கொரோனா நோயாளிகளுக்குக் கட்டில் போட்டிருக்கிறார்களாம். போகிறோம்.

ஜூலை 17

இன்றுதான் பேனா பிடிக்க முடிந்தது. நடந்ததை மறப்பதற்குள் எழுதிவிட வேண்டும்.

பள்ளிக்கூட வாசலில் பெயர் கேட்டார்கள். எனக்குப் பேச மூச்சில்லை. நுர்சாத் சொல்லவில்லை. எங்களில் மருமகள் மாமனார் பெயரை வாயால் சொல்வதில்லை. கல்யாணமான புதிதில் ஒருமுறை வாய்தவறிச் சொன்னதற்கு ஒருநாள் முழுக்க அவளோடு பேசாமல் இருந்தவனும் நான்தான். அதனால், நான் வேலை பார்த்த இடத்தை வைத்து "பம்ப்ஹவுஸ் பெரியவர்" என்றாள். அவர்களும் அப்படியே எழுதிக்கொண்டார்கள். அவள் கொடுத்த, என் பெயர் எழுதிய தாள் யாருடையது என்று தெரியாமல் மேசையில் கிடந்திருக்கிறது.

மறுநாள் காலை மாத்திரைத் தட்டு வந்தது, அதில் அந்த மலேரியா மாத்திரை. என் முகத்தில் ஆக்சிஜன் மூடி. மூடியை விலக்கியதும் உதட்டை இறுக்கிக்கொண்டு தலையை ஆட்டினேன்.

"அடம் பிடிக்காதீங்க பெரியவரே. பக்கத்துக் கட்டில்காரர் உங்களைவிடச் சமத்து" என்றாள் டாக்டர். இரண்டு நாளாகத் தூங்காத கண்.

உள்ளே விடாததால் நுர்சாத் வெளியே ஜன்னலோரம் நின்றிருந்தாள். "அது அவருக்கு ஆகாது. தாள்ல எழுதிக் குடுத்திருக்கு" என்றாள்.

"யாரோட தாளும்மா? இங்க நாலு பெரியவங்க இருக்காங்க. பேரைச் சொல்லு."

அவள் என்னைப் பார்த்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாளா, கோபம் என்று எடுத்துக்கொண்டாளா? எது என்று எனக்கே தெரியாது.

"ஜுமகாசி. ஜுமகாசி சாதிகோவ்."

முதலில் மெதுவாக. பிறகு தெருமுனைவரை கேட்கும்படி. தாளைத் தேடி எடுக்கும்வரை மூன்று முறை. மாத்திரை தட்டுக்கே திரும்பிப் போனது.

பத்தொன்பது வருடமாக என் முன்னால் குரல் உயர்த்தாதவள். அந்தக் குரல் இத்தனை நாள் எங்கே இருந்தது? என் வீட்டில்தான் இருந்திருக்கிறது.

ஜூலை 26

இருமல் விடவில்லை. தோலில் முழங்கைப் பக்கம் இரண்டு பொத்தான் அளவு தடிப்பு. அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 9, ஞாயிறு

டாக்டரம்மா சரி என்றார். நிறுத்தி ஐந்து வாரம் கழித்து இன்று மறுபடி ஊசி போட்டேன்.

மாலையில் சுல்தானாலி அண்ணன் வந்தார். நலம் விசாரிப்பார் என்று பார்த்தால், உட்கார்ந்ததும் ஆரம்பித்தார். "ஜன்னல்ல நின்னு உன் பேரைக் கூவியிருக்கா. ஊரே சிரிக்குது. கண்டிச்சியா இல்லையா?"

நுர்சாத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். கை அப்படியே நின்றுவிட்டது.

"கண்டிச்சேண்ணே" என்றேன். "முதல் தடவையே சத்தமாச் சொல்லியிருக்கணும்னு கண்டிச்சேன்."

அண்ணன் கிண்ணத்தைத் தொடாமலே எழுந்து போனார்.

அவர் உட்கார்ந்திருந்த, வீட்டில் மூத்தவர்களுக்கென்று உள்ள இடத்தில் நுர்சாத்தை உட்காரச் சொன்னேன். "நீங்க உக்காருங்க மாமா" என்றாள். நான் விடவில்லை. அவளும் விடவில்லை. கடைசியில் இரண்டு பேரும் நின்றுகொண்டே தேநீர் குடித்தோம்.