ஏரிக்கரை குவார்ட்டர்ஸுக்கு

ஸ்ரீவைகுண்டம்
28.10.1996

பிரியமுள்ள அத்தானுக்கு,

முத்துராணி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அம்மா வீட்டில் நானும் பேச்சியும் சுகம். ராஜஸ்தானில் குளிர் தொடங்கியிருக்கும். டிரங்குப் பெட்டியின் அடியில் கம்பளி இருக்கிறது, எடுத்துப் போர்த்திக்கொள்ளுங்கள்.

முதலில் நல்ல சேதி. நம் மகள் பேச்சி தேறிவிட்டாள். இரண்டாம் தடவை ரத்தம் எடுத்து வேலூருக்கு அனுப்பிப் பார்த்ததில் ஈயம் பாதிக்கு மேல் குறைந்துவிட்டதாம். பாளையங்கோட்டை டாக்டரம்மா அவள் கன்னத்தைத் தட்டி, இனிப் பயமில்லை, அந்தத் தண்ணீர்ப் பக்கம் மட்டும் கூட்டிப் போகாதீர்கள் என்றார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்த பிள்ளை, இப்போது இரண்டு தோசை தின்றுவிட்டு இன்னொன்றுக்குச் சண்டை போடுகிறாள். மறந்துபோன எழுத்தெல்லாம் திரும்ப வருகிறது.

இங்கே முதல் தடவையாக ஆற்றுக்குக் கூட்டிப் போனேன். படித்துறையிலேயே நின்றுகொண்டு, "யம்மா, இந்தத் தண்ணி குடிச்சாலும் வயிறு வலிக்குமா?" என்று கேட்டாள். நான் ஒரு கை அள்ளிக் குடித்துக் காட்டிய பிறகுதான் இறங்கினாள். இப்போது கரையேற்றுவதுதான் பெரும்பாடு.

அவளை அங்கே கூட்டிப் போனது உங்கள் தப்பு என்று ஒவ்வொரு கடிதத்திலும் எழுதினீர்கள். ஈயச் சுரங்கத்துக் கல்லை அரைத்துக் கழுவிய தண்ணீர் சாம்பல் நிறத்தில் ஏரியில் விழுவதை நாம் இரண்டு பேரும்தான் தினமும் பார்த்தோம். அந்த ஏரித் தண்ணீரையே குழாயில் விட்டார்கள். அந்த மீனையே சந்தையில் விற்றார்கள். வயிற்றுவலி என்று போனால் கம்பெனி ஆஸ்பத்திரியில் வயிற்றுப் பூச்சிக்கு மருந்து கொடுத்தார்கள். நமக்கு எப்படித் தெரியும்? ஒரே சட்டிக் குழம்பைத்தானே மூன்று பேரும் சாப்பிட்டோம்.

உங்களோடு வேலை பார்க்கும் ஜெபகனி லீவில் வந்திருக்கிறார் அல்லவா, நேற்று இங்கே வந்தார். நான் அனுப்பிய பேச்சியின் ரத்த ரிப்போர்ட்டோடு நீங்கள் மானேஜர் வீட்டு வாசலில் போய் நின்றதைச் சொன்னார். உங்களுக்குப் பின்னால் குவார்ட்டர்ஸ் பெண்கள் எல்லாரும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார்களாமே. இப்போது ஏரிக் குழாயை அடைத்துவிட்டு, தூரத்துக் கிணற்றிலிருந்து லாரியில் தண்ணீர் கொண்டுவருகிறார்களாம். பக்கத்து வீட்டுக் கைக்குழந்தைக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்களாம். நாலு பேர் முன்னால் வாய் திறக்காத மனுஷன் நீங்கள். கேட்கக் கேட்க எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

எல்லாம் சொல்லி முடித்தவர், சைக்கிளில் ஏறாமல் நின்றார். "மதினி, சொல்லக்கூடாதுன்னு அண்ணன் சத்தியம் வாங்கியிருக்காவ. எனக்கு மனசு கேக்கல. அவியளுக்கு வலது கை மணிக்கட்டோட தொங்கிப்போச்சு. தம்ளரைக்கூடப் பிடிக்க முடியல" என்றார். அவரைத் திட்டாதீர்கள்.

ஒரு மாதமாக ஏன் கடிதம் வரவில்லை என்று அப்போதுதான் புரிந்தது. தண்ணீர் லாரி வந்த பிறகும் நீங்கள் ஏன் ஊருக்குக் கிளம்பவில்லை என்பதும் புரிந்தது. அத்தான், அந்தக் கையோடு என் முன்னால் வர என்ன கூச்சம்? பேச்சி பிறந்து நான் எழுந்திருக்க முடியாமல் கிடந்தபோது எனக்குத் தலைவாரி, சோறு ஊட்டியது யார்? அன்றைக்கு நான் கூசினேனா?

இன்று காலை டாக்டரம்மாவைப் போய்ப் பார்த்தேன். இதுவும் அந்த ஈயத்தால் வந்ததுதான், சீக்கிரம் வந்து வைத்தியம் பார்த்தால் கை பெரும்பாலும் சரியாகிவிடும், அங்கேயே இருக்க இருக்கத்தான் கஷ்டம் என்றார். வேலை போனால் போகட்டும். வாழைத்தோட்டத்தில் எனக்கு வேலை இருக்கிறது. அது போதும், இப்போதைக்கு.

இந்தக் கடிதத்தை ஜெபகனியிடமே கொடுத்தனுப்புகிறேன். அவரே உங்களை ரயிலேற்றி விடுவார். மதுரையில் என் தம்பி வந்து நிற்பான், பெட்டியை நீங்கள் தூக்க வேண்டாம். அப்பா வருகிறார் என்று பேச்சியிடம் சொல்லிவிட்டேன். என்னைப் பொய்க்காரி ஆக்கிவிடாதீர்கள்.

நம் இசக்கியம்மன் வழித்துணையாக வருவாள். இதற்குப் பதில் வேண்டாம், அத்தான். நீங்கள் வந்தால் போதும்.

உங்களையே நினைத்திருக்கும்
முத்துராணி