சிறுவாணித் தண்ணீர் வந்த பிறகு

12-3-1995
தெருக்குழாயில் சிறுவாணித் தண்ணீர் வந்துவிட்டது. எங்கள் லைன் வீடுகள் ஏழிலிருந்தும் பெண்கள் குடத்தோடு வந்து குழாய்க்குப் பொட்டு வைத்தார்கள். பதினொரு மனு. எல்லாம் நான் எழுதியது. பக்கத்து வீட்டுச் சாஜிதா பேகம், "வரலட்சுமியக்கா கை பட்டா கல்லும் தண்ணி உடும்" என்றாள். கொஞ்சம் தலைக்கனம் ஏறியது. ஒரு நாளைக்கு இருந்துவிட்டுப் போகட்டும்.

2-6-1995
சாக்கடைக்கு மூடி, தெருவுக்குத் தார். கொசு பாதியாகக் குறைந்திருக்கிறது. முனையில் கார்கள் வந்து நிற்கின்றன. இறங்குகிறவர்கள் எங்களைப் பார்ப்பதில்லை, இடத்தைத்தான் பார்க்கிறார்கள்.

9-7-1995
ஏழு வீட்டுக்கும் சொந்தக்காரர் அப்புசாமி தாம்பூலத் தட்டோடு வந்தார். மேலே ஒரு சேலை. மகள் கல்யாணம் என்று நினைத்து வாங்கிக்கொண்டேன். தட்டை நீட்டுகிறவரை நிற்க வைத்து என்ன ஏது என்று கேட்கிற வழக்கம் நம்மிடம் உண்டா?

வாங்கிய பிறகு சொல்கிறார்: "ஏனுங்க அம்மணி, இங்க அடுக்குமாடி வருதுங்க. ஆவணிக்குள்ள ஏழு ஊடும் காலி பண்ணிக் குடுத்துப்போடோணும். நீங்க சொன்னா மத்தவங்க கேப்பாங்க. தாம்பூலம் வாங்கிப்போட்டீங்க, இனிப் பேச்சு மாறப்படாதுங்க."

"நீங்க மனு எழுதலீன்னா இந்த எடத்த ஆரு சீந்துவாங்க" என்றும் சொன்னார். நன்றியாகத்தான் சொன்னார்.

10-7-1995
தட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். "வாங்குன தாம்பூலத்தத் திருப்புனா ரெண்டு குடும்பத்துக்கும் ஆகாதுங்க" என்று அவர் மனைவி வாசலிலேயே கும்பிட்டாள். அந்தச் சேலையோடு திரும்பி வந்தேன்.

பதினெட்டு வருஷம் இந்த வீட்டில். பிளவுஸ் தைக்கக் கொடுப்பவர்கள் எல்லோரும் இந்தத் தெருக்காரர்கள். வேறெங்கே போய் மிஷினைப் போடுவேன்?

18-7-1995
யாரும் என்னோடு பேசுவதில்லை. சாஜிதா மட்டும் வந்தாள். "எங்களுக்குஞ் சேத்தித் தாம்பூலம் வாங்க நீங்க ஆருங்க?" 'அக்கா' போய்விட்டது, 'ங்க' வந்துவிட்டது.

அவள் கேட்டதில் என்ன தப்பு? பைத்தியக்காரி நான். ஊரெல்லாம் பேசற வாயி — அன்னைக்கு எங்க போச்சு? ஒரு வார்த்தை கேட்டிருந்தா ஆகாதா?

3-8-1995
ஆடியில் யாரும் குடிமாற மாட்டார்கள். அந்தத் தைரியத்தில் உட்கார்ந்திருக்கிறோம். இந்த ஆடி முடியவே கூடாது, மாரியாத்தா.

20-8-1995
மிஷினை வண்டியில் ஏற்றியாகிவிட்டது. சாஜிதா நேற்றே போய்விட்டாள், சொல்லிக்கொள்ளாமல்.

14-2-1996, கருமத்தம்பட்டி
இங்கே நாள் முழுக்கத் தறிச் சத்தம். தண்ணீர் வாரத்துக்கு ஒரு தடவை, அதுவும் கலங்கல். இன்று பக்கத்து வீட்டுக் கருப்பாத்தாள் வந்தாள். "நோட்டுல நீங்க எழுதறதப் பாத்தனுங்க. தண்ணிக்கு ஒரு மனு எழுதிக் குடுங்க. கொழந்தைக்கு மறுக்காப் பேதியாவுது."

கண் சரியாகத் தெரிவதில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவளும் வாடகை வீட்டுக்காரிதான்.