எர்த் கம்பி

அம்மாவுக்கு மகன் எழுதுவது. நான் நலம். உங்கள் முட்டிவலி தேவலையா?

இங்கே கம்பெனியில் சோதனைக்கு வரும் மின்சாமான்களை வகை பிரிக்கிறேன். உலோக உடம்பென்றால் எர்த் கம்பி கட்டாயம்; இரட்டைக் காப்புள்ள பிளாஸ்டிக் சாமானுக்கு வேண்டாம். நேற்று நம் வீட்டில் இருப்பது மாதிரியே ஒரு இஸ்திரிப் பெட்டி. பழக்கதோஷத்தில் எர்த் வேண்டாத பக்கம் வைத்துவிட்டேன். "எர்த் இல்லேன்னா கரண்ட் தொடுற ஆள் வழியாத்தான் இறங்கும்" என்றார் சூப்பர்வைசர்.

சுவர் பிளக்கில் இரண்டு ஓட்டைதான் இருக்கிறது என்று நம் பெட்டியின் எர்த் கம்பியை வெட்டியவன் நான்தான். "தொட்டா சுருக்குங்குதுடா" என்றீர்கள். "செருப்பு போட்டுக்கிட்டுத் தேய்ங்கம்மா" என்று சிரித்தேன்.

வேலைக்கு மணி அடித்துவிட்டார்கள். எலக்ட்ரீஷியன் பார்க்கும்வரை அந்தப் பெட்டியைத் தொடாதீர்கள். என் பழைய சட்டையை வாராவாரம் தேய்த்து மாட்டுகிறீர்களாம், தங்கை சொன்னாள். கசங்கியே தொங்கட்டும், அம்மா. வந்து அப்படியே போட்டுக்கொள்கிறேன்.