மிஸஸ் மக்கே சொன்ன மலைப் பெயர்கள்

4 பெப்ரவரி 1996, ஞாயிறு

பஸ் பிந்தினதால், ஸ்காபரோவில் நான் பராமரிக்கப் போகிற மிஸஸ் மக்கேயின் கஞ்சியும் பிந்திவிட்டது. அவ பொருட்படுத்தவில்லை. ஞாயிறென்றால் அவவுக்கு ஸ்கொட்லாந்திலிருந்து வாற போன்தான் முக்கியம். அங்கே பல்கலைக்கழகக்காரர் ஒருவர் அவ பிறந்த பகுதியின் மலை, ஓடை, பாறைப் பெயர்களைப் பதிவு செய்கிறார். அங்கே இப்போது ஆடுகள்தான் மிச்சம். பெயர் தெரிந்த ஆள் இவ ஒருத்திதானாம். அந்தப் பக்கத்துப் பழைய மொழியான கேலிக்கில் அவருக்குச் சொல்லிவிட்டு, பிறகு எனக்கு ஆங்கிலத்தில் விளக்குவா. இன்றைக்கு 'மருமகள் இளைப்பாறிய கல்'. "தவமணி, அவள் இளைப்பாறேல்லை, இருந்து மாமியைத் திட்டினவள்" என்று சிரித்தா.

20 பெப்ரவரி

மிஸஸ் மக்கேக்கு ஸ்ட்ரோக். நான் போனபோது குசினியில் விழுந்து கிடந்தா. கடவுளே.

11 மார்ச்

வீட்டுக்கு வந்துவிட்டா. ஆங்கிலம் ஒரு சொல்லும் வருதில்லை. கேலிக்கில் ஓயாமல் ஏதோ சொல்கிறா. மகள் ஃபியோனாவுக்கு அது தெரியாது. "அம்மாவுக்கு மூளை குழம்பிப் போச்சு, புலம்புறா" என்று அழுதாள். முதியோர் இல்லத்தில் இடம் கேட்டிருக்கிறாளாம்.

புலம்பலோ? எனக்கென்னவோ அந்த மலைப் பெயர்கள் மாதிரித்தான் கேட்குது. ஆனால் நான் ஆர் சொல்ல? குளிக்க வார்க்க வாற ஆள். சொல்லாமல் விட்டால் —

17 மார்ச்

சொல்லிப்போட்டன். "பெயர் பதியிற அந்தப் பல்கலைக்கழக மனிசனுக்கு ஒருக்கால் போன் எடுப்பம்." ஃபியோனாவுக்கு எரிச்சல், ஆனாலும் எடுத்து, ஸ்பீக்கரில் போட்டாள்.

தாய் சொல்லச் சொல்ல அவர் கனநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு அவளிடம் சொன்னார்: "அம்மா குழம்பேல்லை. கடற்கரையிலயிருந்து மலைக்கு ஏறுறா. பெயர்கள் வரிசை பிசகாமல் வருது. உங்களையும் கூட்டிக்கொண்டுதான் போறா. இப்ப ஓடையடி. 'ஃபியோனா, சப்பாத்தைக் கழட்டு, நனையப்போகுது' எண்டுறா."

சின்னப்பிள்ளையாய் ஒரு கோடையில் அங்கே போனவளாம். மறந்தே போனாளாம். தாயின் மடியில் முகத்தை வைத்துக் குலுங்கிக் குலுங்கி அழுதாள். நான் குசினிக்குப் போய் நின்றேன்.

2 ஏப்ரல்

இல்லம் வேண்டாமாம்.

19 மே

தாய் பெயர்களைச் சொல்ல மகள் திருப்பிச் சொல்கிறாள். பிழை விட்டால் கையில் கிள்ளு. பெயர்கள் தவிர்ந்த மிச்சக் கேலிக்கை அந்தப் பல்கலைக்கழகக்காரரிடம் நாள்தோறும் போனில் படிக்கிறாள்.

8 டிசம்பர், ஞாயிறு

ஃபியோனா ஒஷாவாவில் இருந்த தன் வீட்டை விட்டுத் தாயோடு வந்து குடியிருப்பதால் எனக்கு அங்கே வேலை முடிந்து கனநாள். இப்போது மிசிசாகாவில் வேறொருவரைப் பார்க்கிறேன். இன்றைக்குச் சும்மா பார்த்துவர ஸ்காபரோ போனேன். ஃபியோனா கதவைத் திறந்து, என்னை ஒருக்கால் கட்டிப்பிடித்துவிட்டு, விட்ட சண்டையைத் தொடர உள்ளே ஓடினாள். மேசையில் வரைபடம். ஒரு ஓடை எந்தப் பக்கத்தால் இறங்குது என்றுதான் சண்டை போல. மகள் குரலை உயர்த்த, கிழவி மேசையில் அடித்தா. மகளும் விடுகிறதாயில்லை.

முழுக்கக் கேலிக். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. கோட்டைக்கூடக் கழற்றாமல் கேட்டுக்கொண்டு நின்றேன்.