க்ளைடின் பெயர் இல்லாத பட்டியல்

ஹார்லோ மில்ஸ், மெய்ன்
டிசம்பர் 3

அன்புள்ள வெர்னா,

இங்கே முழங்கால் அளவுக்குப் பனி விழுந்து கிடக்கிறது. நீ டூசானில் வெயிலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து இதைப் படிப்பாய் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். முழங்கால் வலி தேவலையா? மருமகள் இன்னும் எல்லாவற்றிலும் மிளகாயை அள்ளிப் போடுகிறாளா? நான் நன்றாக இருக்கிறேன் என்று எழுத வேண்டும். எழுத முடியவில்லை.

பேராயருக்கு நீ எழுதிய புகாரின் நகல் போன வாரம் வந்தது. நம் குருவானவர் உன் தம்பி க்ளைடுக்கு நற்கருணையை நிறுத்திவிட்டார், அவன் சபையால் தள்ளப்பட்டவனாகச் செத்தான், இனி எந்த எபிஸ்கோப்பல் ஆலயத்தின் வாசலையும் மிதிக்க மாட்டேன் என்று எழுதியிருக்கிறாய். அதன் ஓரத்தில் எனக்கென்று உன் கையால் இரண்டு வரி: "கடைசி வரைக்கும் அவனைக் கைவிடாதவள் நீ ஒருத்திதான், ஆர்லீன். நன்றி." அந்த இரண்டு வரியைப் படித்த நாளிலிருந்து எனக்குச் சோறு தண்ணீர் இறங்கவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். கோபம் வந்தாலும் பாதியில் கிழித்துவிடாதே.

ஞாயிறு அறிவிப்புத் தாளை இன்னும் நான்தான் தயாரிக்கிறேன். இந்த வாரம், சனிக்கிழமை கிறிஸ்து வருகைக்கால தியானக் கூட்டம், ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டு வரவும். பாடகர் குழுவுக்கு ஆண் குரல் தேவை. துக்கத்தில் இருப்பவர்களுக்கு உதவும் புத்தகங்கள் பின்பக்க அலமாரியில், இரண்டாம் தட்டில். அந்தப் புத்தகங்களை நானே தூசி தட்டி அடுக்கினேன், ஒன்றையும் திறக்கவில்லை. இந்தத் தாளைப் பற்றி நீ சொல்லிச் சிரிப்பாயே, "ஆர்லீன், அதுல உன் சாவுச் செய்தியையே போட்டாலும் ஒருத்தரும் பாக்க மாட்டாங்கடீ" என்று. அந்த ஒருத்தரில் என்னையும் சேர்த்துக்கொள். தட்டச்சு செய்கிறவளே படிப்பதில்லை.

ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை பதினோரு வாரம் அந்தத் தாளின் கடைசியில் ஓர் அறிவிப்பு வந்தது. நோயாளிகளுக்கு நற்கருணை எடுத்துச் செல்கிறவர்கள் முதியோர் பாதுகாப்புப் பயிற்சியைப் புதுப்பிக்க வேண்டும், இல்லையென்றால் பேராயர் கொடுத்த உரிமம் செப்டம்பர் முப்பதோடு முடிந்துவிடும் என்று. திருமண்டல அலுவலகம் அனுப்பியதை நான் அப்படியே போட்டேன். ஒரு கால்புள்ளியை மட்டும் திருத்தினேன். அது எனக்கும் பொருந்தும் என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. பயிற்சி என்பதெல்லாம் புதிதாக வருகிறவர்களுக்கு என்றே நினைத்தேன். பதின்மூன்று வருடமாக இதைச் செய்கிறவளுக்கு என்ன பயிற்சி என்ற திமிர்தான், வேறொன்றுமில்லை.

அக்டோபர் முதல் ஞாயிறு, ஆராதனைக்கு முன்னால் நம் புதுக் குருவானவர் மதர் மெரிடித் என்னை அங்கி அறைக்குக் கூப்பிட்டார். நீ அடக்கத்தின்போது பார்த்தாயே, அந்தக் குட்டை முடிக்காரப் பெண்தான். என் கடைசி மகளைவிட மூன்று வயது சின்னவர், அவரை மதர் என்று கூப்பிட வேண்டியிருக்கிறது. "ஆர்லீன், உங்க லைசன்ஸ் போன வாரத்தோட முடிஞ்சிருச்சு. பேராயர் ஆபீஸ்ல கெஞ்சிப் பாத்துட்டேன், முடியாதுன்னுட்டாங்க. பன்னெண்டாம் தேதி பேங்கர் டவுன்ல கிளாஸ் இருக்கு. நானே கார்ல கூட்டிட்டுப் போறேன், வாங்க" என்றார். நீங்க பொறக்கறதுக்கு முன்னாடியே இந்தப் பலிபீடத்துல முழங்கால் போட்டவ நான் என்று சொன்னேன். அவர் முகம் சிவந்தது.

எல்லோரும் அப்பமும் திராட்சரசமும் வாங்கிய பிறகு, நோயாளிகளுக்கான பங்கை வைத்த அந்தச் சின்னக் கறுப்புப் பெட்டியை என் கையில் கொடுப்பார்கள், சபை எழுந்து நின்று என்னை வழியனுப்பும், நான் கோட்டை மாட்டிக்கொண்டு நடுவழியே நடந்து வெளியே போவேன். நீ எத்தனையோ தடவை எழுந்து நின்றிருக்கிறாய். அன்று பெட்டி எடுக்கப்படவில்லை. பதின்மூன்று வருடத்தில் முதல் தடவையாக ஆராதனையின் கடைசிப் பாட்டைப் பாடினேன். எல்லோரும் என் முதுகையே பார்ப்பது போல இருந்தது. யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

இனிமேல் வருவதுதான் உனக்குத் தெரியாதது. ஆராதனை முடிந்ததும் மதர் மெரிடித் ஒரு காகிதத்தை நீட்டினார். "யார் யாரைப் பாக்கணும்னு பேரு எழுதிக் குடுங்க. நீங்க கிளாஸ் முடிக்கற வரைக்கும் வியாழக்கிழமை வியாழக்கிழமை நானே போயிட்டு வரேன்" என்றார். அவருக்கு மூன்று ஆலயங்கள், வந்து நான்கு மாதம்தான். நம் நோயாளிகளை அவருக்குத் தெரியாது. ஐந்து பேர் இருந்தார்கள். நான் நான்கு பெயர் எழுதிக் கொடுத்தேன்.

க்ளைடை எழுதவில்லை. மறதி இல்லை, வெர்னா. பேனாவை வைத்துக்கொண்டு யோசித்துவிட்டுத்தான் விட்டேன். நீ ஊரைவிட்டுக் கிளம்பும்போது அவனை என்னிடம் ஒப்படைத்தாய். ரெண்டாவது கல்யாணம் செய்துகொண்டான் என்று அந்தக் காலத்துக் கிழக் குருவானவர் அவனை நற்கருணைப் பந்தியிலிருந்து திருப்பி அனுப்பினாரே, அதற்குப் பிறகு இருபத்தைந்து வருடம் ஆலயப் பக்கமே வராதவன். அவன் மறுபடி கை நீட்டியது என் கைக்கு. அவன் இருந்த முதியோர் இல்லத்துக்குள் நான் நுழைந்தால் "வாங்கடா, சர்ச்சே நடந்து வருது" என்று கூடத்துக்கே கேட்கிற மாதிரி கத்துவான். அவனை இன்னொருத்திக்கு எழுதிக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. கொஞ்ச நாளில் என்ன ஆகிவிடப்போகிறது என்று நினைத்தேன்.

அன்று மதியம் வெறுங்கையோடு போனேன். மதருக்கு உடம்பு சரியில்லை, ஆராதனை நடக்கவில்லை என்று சொன்னேன். அடுத்த ஞாயிறு அப்பம் தீர்ந்துவிட்டது என்று சொன்னேன். சிரித்தான். "முப்பது பேர் வர்ற சர்ச்சுல தீந்துபோச்சா? எலி தின்னுடுச்சா, இல்ல நீயே தின்னுட்டியா?" என்றான். மூன்றாவது ஞாயிறு அவன் கேட்கவே இல்லை. நான் ஆரஞ்சை உரித்துக்கொண்டிருந்தேன். கையை மடியில் வைத்துக்கொண்டு, "என்னை மறுபடி தள்ளிட்டாங்க, அதானே? சொல்லித் தொலை ஆர்லீன். எனக்கு ஒண்ணும் புதுசு இல்ல" என்றான். உளறாதே, பழத்தைத் தின்னு என்று அதட்டினேன். உன்னை யாரும் தள்ளவில்லை, தள்ளப்பட்டவள் நான், ஒரு வகுப்புக்குப் போகாமல் உரிமத்தைத் தொலைத்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன் என்னைக் கேலி செய்தே சந்தோஷப்பட்டிருப்பான். எனக்கு வாய் வரவில்லை. அவன் முன்னால் சின்னவளாகத் தெரிவதற்குக் கூசினேன். அவன் சின்னவனாகிப் போனதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பன்னிரண்டாம் தேதி வகுப்புக்கும் நான் போகவில்லை. காலை ஏழு மணிக்கு மதர் மெரிடித் என் வீட்டு வாசலில் காரை நிறுத்தி மூன்று தடவை ஹார்ன் அடித்தார், இறங்கி வந்து கதவைத் தட்டினார். நான் சமையலறையில் விளக்கைப் போடாமல் உட்கார்ந்திருந்தேன். எனக்கு எழுபத்திரண்டு வயது. பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று அடம்பிடிக்கும் பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தேன். நவம்பர் ஐந்தாம் தேதி செவ்வாய்க்கிழமை க்ளைட் போய்விட்டான்.

அடக்கத்தன்று தாதி உன்னிடம் சொன்னது உண்மை. "சர்ச்சுல எனக்கு நிறுத்திட்டாங்கன்னு அவர் சொல்லிட்டே இருந்தாரும்மா." நான் பக்கத்தில்தான் நின்றேன். நீ என் தோளில் சாய்ந்து அழுதாய், நான் உன் முதுகைத் தட்டிக் கொடுத்தேன். அதை நினைத்தால் என் கையைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை பேங்கருக்கு நானே ஓட்டிக்கொண்டு போய்ப் பயிற்சியை முடித்தேன். நம் பொறுப்பில் இருக்கும் முதியவர்களிடம் உண்மையை மறைக்கலாமா என்று ஒரு கேள்வி. கூடாது என்ற கட்டத்தில் குறி போட்டேன். இருபதுக்கு இருபது. சான்றிதழ் வந்திருக்கிறது, மூன்று வருடத்துக்குச் செல்லும். கறுப்புப் பெட்டியை மறுபடி எடுத்துக்கொள்ளச் சொன்னார் மதர் மெரிடித். நான் தொடவில்லை.

உன் புகாரை விசாரிக்க இம்மாதம் பன்னிரண்டாம் தேதி பேராயர் அவரைக் கூப்பிட்டிருக்கிறார். அவருக்கு வருடத்துக்கு வருடம்தான் நியமனம், இந்தப் பேச்சு வந்தால் புதுப்பிக்க மாட்டார்கள். நான் எழுதிய அந்தப் பட்டியல் அவருடைய ஜெபப் புத்தகத்துக்குள் இருக்கிறது, என் கையெழுத்தில், நான்கு பெயரோடு. காட்டினால் போதும். இதுவரை யாரிடமும் காட்டவில்லை. போன ஞாயிறு ஏன் என்று கேட்டேன். "அது நீங்க சொல்ல வேண்டியது, ஆர்லீன். நான் சொல்லக் கூடாது" என்றார். எனக்கு அவரை இன்னும் பிடிக்கவில்லை. அவருடைய பிரசங்கமும் பிடிக்கவில்லை, பாட்டுக்குக் கிட்டார் வாசிப்பதும் பிடிக்கவில்லை. ஆனால் க்ளைடை அவர் தள்ளவில்லை, திருமண்டலம் தள்ளவில்லை, சபையும் தள்ளவில்லை. அவனுக்கும் அந்தப் பந்திக்கும் நடுவில் நின்றது நான் ஒருத்திதான். இதையே பேராயருக்கும் எழுதி இன்று காலை தபாலில் போட்டுவிட்டேன்.

ஒன்று பாக்கி இருக்கிறது. இதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று இரண்டு நாளாகத் தவித்தேன். அவனைக் கடைசியாகப் பார்த்த ஞாயிறு, நான் கிளம்பும்போது என் கோட்டுக் கையைப் பிடித்து இழுத்தான். "வெர்னாகிட்ட சொல்லிராத. அவ இங்க வந்து சண்டை போட்டுட்டு, அங்கயும் சர்ச்சுக்குப் போறத நிறுத்திருவா. அவளுக்காவது அது இருக்கட்டும்" என்றான். தனக்குக் கதவு மூடிவிட்டது என்று நம்பிக்கொண்டே, உனக்கு அது திறந்திருக்க வேண்டும் என்று கேட்டான். அப்போதும் நான் உண்மையைச் சொல்லவில்லை. சரி, சொல்ல மாட்டேன் என்று தலையாட்டிவிட்டுக் காருக்கு வந்துவிட்டேன்.

வெர்னா, என்னை மன்னிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. என் பெயரைக் கேட்டாலே உனக்குப் பற்றிக்கொண்டு வரட்டும். ஆனால் வரும் ஞாயிறு மருமகளைக் கூட்டிக்கொண்டு அங்கே இருக்கிற ஆலயத்துக்குப் போ. பந்திக்குப் போய்க் கையை நீட்டு. கர்த்தர் உன்னை ஒருபோதும் வெறுங்கையாக அனுப்பாதிருப்பாராக.

ஆர்லீன்