மருந்துக்காரிகளின் முதல் கேசட்

என்னோட சேர்ந்து பாடிய என் வாசுகிக்கு,

போன மாசமே நம்ம கேசட் வந்துடுச்சும்மா. கோலாலம்பூருக்கு லோரியில முட்டைக்கோஸ் ஏத்திட்டுப் போன உன் அண்ணன், திரும்பும்போது ரெண்டு பெட்டி நிறையக் கொண்டு வந்தார். அட்டையில நம்ம ரெண்டு பேர் படமும் இருக்கு. நீ சிரிக்கிறே. அதைப் பார்த்ததும் உங்கம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கிட்டாங்க.

முன்னே ஒருநாள் உன் அண்ணன் ஒரு அமெரிக்கக் கேசட் கொண்டு வந்தாரே, ஞாபகம் இருக்கா? "என்னலா இது, பாடாம சண்டை போடுறானுங்க"ன்னு அவர் சிரிச்சார். நீ மட்டும் ரேடியோவை விட்டு நகரலை. "அண்ணி, நம்ம கங்காணி திட்டுற வேகம்தான் இது. நாமளும் பேசலாம்"னே. மறுநாள் தேயிலைச் சரிவுல, களைக்கு அடிக்கிற மருந்து டின்னை முதுகுல சுமந்துக்கிட்டே முதல் வரியைச் சொன்னே. நான் பதில் வரி சொன்னேன். எஸ்டேட் லயத்து வீடுகள்ல நம்மை மருந்துக்காரிங்கன்னுதானே கூப்பிட்டாங்க? அதையே நம்ம பேரா வச்சுக்கிட்டோம்.

கல்யாண வீட்டுல பாடினோம். யாரோ பதிவு பண்ணி, ஒரு கேசட்டுல இருந்து இன்னொண்ணுக்கு எடுத்து, கோலா தெர்லா ஊர் வரைக்கும் லோரிக்காரங்க கேட்டாங்க. அப்படித்தான் கோலாலம்பூர் ஸ்டூடியோக்காரர் காதுக்கும் போச்சு. "இதுக்குப் பேரு ஹிப் ஹாப்மா. தமிழ்ல, அதுவும் ரெண்டு பொம்பளைங்க!"ன்னு அவர் ஆச்சரியப்பட்டார். அதுக்குள்ள உனக்கு இருமல் வந்துடுச்சு. மலைக் குளிர்னு சொல்லி எஸ்டேட் ஆஸ்பத்திரியில சிரப் குடுத்தாங்க.

ஸ்டூடியோவுல அவர், களைமருந்தால மூச்சு முட்டுறதைச் சொல்ற நம்ம மருந்துப் பாட்டை மட்டும் வேணாம்னார். "ரேடியோல போட மாட்டாங்க. உங்களுக்கும் எஸ்டேட்ல வம்பு வரும்."

"அது இல்லன்னா மத்ததும் வேணாம் சார்"னே நீ. "மூச்சு போகுதுன்னு சொல்லத்தானே இவ்ளோ தூரம் வந்தோம்?"

கடைசியில அவர் ஒத்துக்கிட்டார். ஒரு வரி பாடுவே. ஸ்டூல்ல உட்காருவே. அடுத்த வரிக்கு எழுந்து நிப்பே. கடைசி வரியைப் பாடி முடிச்சுட்டு என் தோள்ல சாய்ஞ்சியே, உன் நெஞ்சுக்குள்ள விசில் மாதிரி ஒரு சத்தம். அது இன்னும் என் காதை விட்டுப் போகலை.

கீழே டவுன் ஆஸ்பத்திரியில நுரையீரல் கெட்டுப்போச்சுன்னாங்க. எதனாலன்னு யாரும் கேட்கலை. இருபத்து மூணு வயசுப் பொண்ணுக்கு எப்படிக் கெடும்னு ஒருத்தருக்குமா தோணலை?

உன் கருமாதி முடிஞ்சதும் ஸ்டூடியோக்காரர் வந்தார். "பாட்டுக்கு நடுவுல வர்ற இருமலையாவது வெட்டிடலாமா?"ன்னு மெதுவாக் கேட்டார். கூடாதுன்னுட்டேன். அப்படியே விட்டுட்டார்.

இப்போ பிரிஞ்சாங் கடைத்தெருவுல நம்ம கேசட் ஓடுது. அதைக் கேட்டுட்டு மருந்தடிக்கிற பொம்பளைங்க நாங்க எல்லாரும் சேர்ந்து மேனேஜர்கிட்ட கையுறையும் முகமூடியும் கேட்டோம். ஆளுக்கு ஒரு துண்டுத் துணி குடுத்தாங்க, வாயில கட்டிக்கச் சொல்லி. அவ்வளவுதான் நடந்துச்சு, வாசு. நீ போனதுக்கு ஒரு துணி.

அம்மா மத்தப் பாட்டெல்லாம் கேட்பாங்க, மருந்துப் பாட்டு வந்தா நிறுத்திடுவாங்க. நேத்து நிறுத்தலை. முழுசாக் கேட்டுட்டு, "இவ்ளோ வலியா இருந்துச்சு அவளுக்கு? ஏன் எங்கிட்ட சொல்லலை?"ன்னாங்க. உன் சம்பளம் இல்லாம வீடு ஓடாதுன்னு உனக்குத் தெரியும். அவங்களுக்கும் தெரியும்.

நாளைக்குக் காலையில கங்காணி வேலை பிரிக்கும்போது, மருந்து வேலைக்குப் போக மாட்டேன்னு சொல்லப்போறேன். வேலை போனா லயத்து வீடும் போகும். உன் அண்ணன்கிட்ட சொன்னேன். "சரி, சட்டி பானையைக் கட்டி வை"ன்னார்.

அந்த டின் இனி என் முதுகுல ஏறாது வாசு. இது உனக்கு நான் குடுக்கிற சத்தியம்.

உன்னோட பாடி, உனக்குப் பின்னாலயும் மூச்சு விட்டுக்கிட்டு இருக்கிற
உன் அண்ணி,
செண்பகம்