நான் வந்தால் பந்தயம்

மகளைக் காரில் ஏற்றும்போது அவள் சுடிதாரிலிருந்து குதிரை வேர்வை வாசம் வந்தது. ஏசி போட்டதும் இன்னும் கெட்டியாக அடித்தது. என் சம்சாரம் கண்ணாடியை இறக்கச் சொன்னாள். நான் இறக்கவில்லை. திருச்செங்கோடு தாண்டும் வரை மனசுக்குள் உன்னோடுதான் பேசிக்கொண்டு வந்தேன். பேசி முடியாததை இங்கே எழுதுகிறேன்.

செவலை நன்றாக இருக்கிறது. முதலில் அதைத்தான் கேட்பாய். முன்னங்கால் வீக்கம் வற்றிவிட்டது, தீனி எடுக்கிறது. ரேக்ளா வண்டியில் பறந்த குதிரை என்று சொன்னால் மகள் படிக்கும் சிறப்புப் பள்ளிக்குப் புதிதாக வருகிற பெற்றோர் நம்புவதில்லை. பிள்ளைகள் பிடரியைப் பிடித்து இழுத்தாலும் காதுக்குள் கத்தினாலும் அப்படியே நிற்கிறது. கோதை ஏறினால், அவள் கால் இரண்டும் விலாவில் படிந்து உட்காரும் வரை அசைவதில்லை. கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காத என் மகள், அதன் முதுகில் ஏறியதும் நிமிர்ந்து உட்காருகிறாள்.

டயர் பட்டறையில் நாம் இரண்டு பேரும் கூலிக்கு நின்ற காலத்திலேயே குதிரைப் பைத்தியம் உனக்குத்தான். நான் கடை வைத்துத் தலையெடுத்த பிறகு நீ என்னிடம் கேட்டது அது ஒன்றைத்தான். வாங்கிக் கொடுத்தேன். மல்லசமுத்திரத்தில் உன் காட்டில் கட்டினாய். வளர்த்தது நீ, ஓட்டியது நீ, பேர் எனக்கு. கடையை விட்டு வர எனக்கு நேரம் ஏது? பந்தயத்தன்று காலையில் மட்டும் வருவேன். சலங்கையை நான்தான் கட்ட வேண்டும் என்று ஒரு வழக்கம் வைத்திருந்தாய். கட்டிவிட்டு ஒரு வெல்லக்கட்டி கொடுத்து, கழுத்தில் ஒரு தட்டுத் தட்டுவேன். எனக்கும் அதற்கும் இருந்த பழக்கம் அவ்வளவுதான்.

எடப்பாடிப் பந்தயத்தில் கால் நரம்பு போனதும் ஒரு தரகர் வந்தார். "கல்யாண ஊர்கோலத்துக்கு வெச்சுக்கறனுங்க. மேளத்துக்கு ஆடப் பழக்கிப் போடலாம்" என்றார்.

"உங்க ஊட்டுக் கல்யாணத்துல நீங்களே ஆடிக்கங்க" என்று அனுப்பிவிட்டாய்.

பிறகுதான் கோதை படிக்கும் பள்ளியில் பிசியோதெரபி பார்க்கும் அம்மா, பிள்ளைகளை ஏற்றி நடத்த ஒரு சாதுவான குதிரை வேண்டும் என்று கேட்டார். செவலையைக் கொடுத்தோம், நீயே முன்னால் நின்று பழக்கினாய். பக்கத்தில் தகர டின்னைப் போட்டு உருட்டினாய், முகத்துக்கு நேரே குடையை விரித்தாய், முதுகில் மணல் மூட்டையைச் சரியவிட்டாய். எல்லாவற்றுக்கும் பழகியது. என்னைத் தவிர.

கோதையை முதன்முதலாக ஏற்றிய அன்று நான் வேலி ஓரம் வந்து நின்றேன். செவலை காதை விறைத்துக்கொண்டு குளம்பால் தரையைப் பறித்தது. நீ கயிற்றை இறுக்கிப் பிடித்து, "இன்னிக்கு இல்ல சாமி, இன்னிக்கு இல்ல" என்று அதன் காதில் சொன்னாய். அடங்கியது. நீ இருந்தவரை நான் அந்த வேலி ஓரம் நின்று மகளைப் பார்த்தேன்.

நீ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்த பிறகு, ஒரு சனிக்கிழமை போனேன். கார் கதவைச் சாத்தி நாலு எட்டு வைத்திருப்பேன். கோதை முதுகில் இருக்கும்போதே செவலை பாய்ந்துவிட்டது. இரண்டு பக்கமும் நடந்து வந்தவர்கள் அவள் இடுப்பைப் பிடித்து இழுத்ததால் தப்பித்தாள்.

"சார், தப்பா நெனச்சுக்காதீங்க" என்றார் பிசியோ அம்மா. "உங்களக் கண்டா அதுக்குப் பந்தயம்னு நெனப்பு. நானும் அவர் சொன்ன மாதிரியே காதுல சொல்லிப் பாத்துட்டேன், கேக்க மாட்டேங்குது. பாப்பா மேல இருக்கறப்ப நீங்க வர வேண்டாம் சார்."

நான் சும்மா இருக்கிற ஆளா? டிரைவரின் காக்கிச் சட்டையை வாங்கிப் போட்டுக்கொண்டு போனேன். வாட்ச்மேன் சிரித்தார். "ஏனுங்க மொதலாளி, மாறுவேசமுங்களா? அங்க பாருங்க, எனக்கு முன்னாலயே அது கண்டுபுடிச்சிருச்சு." பிள்ளைகள் இல்லாத நேரமாகப் பார்த்துத் தினமும் வெறுங்கையோடு போய் நின்றேன், பார்த்துப் பார்த்துச் சலித்துவிடும் என்று. அதுவோ தினமும் தயாராகி, வண்டி எங்கே என்று கேட் பக்கம் பார்த்தது. நான் கிளம்பியதும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு தீனியைத் தொடவில்லையாம். "பாவம் சார், தெனமும் ஏமாறுது" என்று அதையும் நிறுத்தச் சொன்னார்கள். கடைசியில் பள்ளிக்கு வேறொரு குதிரை வாங்கிக் கொடுத்தேன். கோதை அதன் மேல் ஏறமாட்டேன் என்று தன் கையையே கடித்துக்கொண்டாள். அந்தக் குதிரையை இப்போது மற்ற பிள்ளைகளுக்கு வைத்திருக்கிறார்கள்.

எந்தச் சரக்கு தேங்கினாலும் தள்ளிவிட ஒரு வழி கண்டுபிடித்துவிடுவேன். இதற்கு எனக்கு வழி தெரியவில்லை.

சனிக்கிழமைகளில் பள்ளிக்கு எதிர்த்தாற்போல் இருக்கும் டீக்கடையில் உட்கார்ந்துகொள்கிறேன். என் சம்சாரம்தான் அவளை உள்ளே கூட்டிப் போகிறாள். இன்று மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு சத்தம் கேட்டது, ஏதோ பறவை என்று நினைத்தேன். வெளியே வந்ததும் சம்சாரம், "கேட்டுச்சுங்களா? நம்ம பாப்பா சிரிச்சா" என்றாள்.

செவலை என்னைக் கண்டு மிரளுகிறது என்றுதான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். உன்னிடம் கேட்டபோது நீ சொன்னது இது: "பயமில்ல பங்காளி. உன்னைக் கண்டா அதுக்குச் சந்தோசம் தாங்கல. பயம்னா பழக்கி எடுத்தர்லாம். சந்தோசத்தை எப்படி எடுக்கறது?"

அன்றைக்குச் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். இப்போது அந்தப் பேச்சைச் சுமந்துகொண்டு திரிகிறேன். பெற்ற மகள் இந்த நாள் வரை என்னைக் கண்டு முகம் மலர்ந்ததில்லை. அவள் மேல் எனக்குக் குறையில்லை, அவள் அப்படித்தான். ஆனால் என்னைக் கண்டால் துள்ளுகிற உயிர் ஒன்று இருக்கிறது. என் மகள் அதன் முதுகில் உட்கார்ந்திருக்கிறாள். நான் ரோட்டுக்கு இந்தப் பக்கமே இருக்க வேண்டியிருக்கிறது.